சாய்ந்த கண்ணாடியில் சோப்பும் அலைகளும்: இதுவரை பார்த்தவை

சாய்த்து வைத்த கண்ணாடித் தகட்டின் மேல்விளிம்பில் ஒரு வழிதொட்டியைப் பொருத்தி, கிளிசரினும் நீரும் ஏறத்தாழச் சம எடையில் கலந்த கரைசலை மெல்லிய படலமாக ஓடவிடுவதே, ஓடும் திரவத்தின் அலைகளைச் சோப்பு என்ன செய்கிறது என்று பார்க்கும் இந்த முயற்சியின் முதற்கட்டம். படலம் நிலைகுலைந்து அலைகள் எழத் தொடங்கும் ரெனால்ட்ஸ் எண் (ஓட்டத்தில் பாகுநிலையோடு ஒப்பிட நிலைமம் எவ்வளவு வலியது என்பதைக் காட்டும் எண்), சராசரி வேகத்தைக் கொண்டு கணக்கிட்டால், சாய்கோணத்தின் கோடேன்ஜென்ட்டில் 5/6 பங்கு. 10 பாகைச் சாய்வுக்கு அது சுமார் 4.7. அதாவது, தகட்டின் ஒவ்வொரு சென்டிமீட்டர் அகலத்திலும் வினாடிக்கு ஏறத்தாழக் கால் மில்லிலிட்டர் பாய்ந்தாலே எல்லை வந்துவிடுகிறது. ஓட்டத்தை அதற்கு மேலே கூட்டி, விளக்கொளியைப் பக்கவாட்டில் சாய்வாக விழச் செய்தபோது, தகட்டின் கீழ்ப்பாதியில் குறுக்கலைகள் வரிவரியாகத் தெரிந்தன.

பிறகு தொட்டியிலேயே பாத்திரம் கழுவும் திரவத்தைச் சில துளிகள் கலந்தேன். (தகட்டின் மேல் சொட்டினால் ஓட்டம் அதை அடித்துச் சென்றுவிடுகிறது.) அலைகள் மங்கின, ஓட்டத்தை மேலும் கூட்டிய பிறகே மீண்டும் தலைகாட்டின. பரப்பு இழுவிசை குறைந்ததால் அலை அடங்கியது என்று எண்ணத் தோன்றும். ஆனால், எங்கும் ஒரே சீராகக் குறைந்திருந்தால் சிற்றலைகள் வளர்வதற்கு அது வசதியாகவே இருந்திருக்கும். அடக்குவது இழுவிசையின் ஏற்றத்தாழ்வுதான்: பரப்பு நீளும் இடத்தில் சோப்பு மூலக்கூறுகள் அடர்த்தி குறைந்து இழுவிசை உயர்கிறது, சுருங்கும் இடத்தில் அவை நெருங்கி இழுவிசை தாழ்கிறது, இந்த வேறுபாடு நீட்சியையும் சுருக்கத்தையும் எதிர்த்து இழுக்கிறது. மாரங்கோனி விளைவு என்பது இதுவே.

என்னை இரண்டாம் கட்டத்துக்கு இழுத்தது இதற்கு நேர்மாறான ஒரு முடிவு. ஒன்றன்மேல் ஒன்றாக ஓடும் இரு திரவங்களில் பாகுநிலை வேறுபாடு மட்டுமே, ரெனால்ட்ஸ் எண் எவ்வளவு சிறியதாயினும், ஓட்டத்தைக் குலைக்கக்கூடும் என்று பாய்ம இயக்கவியலாளர் சியா-ஷுன் யி 1967இல் காட்டினார். 2002இல் ஃப்ரெங்கல், ஹால்பெர்ன் என்ற ஆய்வாளர்கள், நிலைமத்தை முற்றிலும் புறக்கணித்தாலும், இரு திரவங்களும் தொடும் இடைமுகத்தில் படிந்த, சோப்பு போன்ற கரையாத பரப்பு இயங்குபொருளே நிலைகுலைவைத் தோற்றுவிக்கலாம் என்று நிறுவினர். தகட்டுப் படலத்தின் மேற்பரப்பைக் காற்று ஏறக்குறைய இழுப்பதே இல்லை. இரு திரவங்களின் இடைமுகத்திலோ சறுக்குப்பெயர்ச்சி (அடுக்குகள் வெவ்வேறு வேகத்தில் ஒன்றையொன்று உரசி நகர்வது) இருக்கிறது. வேறுபாடு முழுவதும் அங்கேதான் என்பது என் கணிப்பு.

இதற்காகக் கிளிசரின் கரைசலின் மேல் தாவர எண்ணெயை ஊற்றி, அதன் மேற்பரப்பைச் சுழலும் அக்ரிலிக் தட்டால் இழுக்கிறேன். இடைமுகம் பிடிவாதமாகத் தட்டையாகவே இருக்கிறது; எண்ணெயின் அடர்த்தி மில்லிலிட்டருக்கு 0.92 கிராம், கரைசலுடையது சுமார் 1.13 கிராம் என்னும்போது ஈர்ப்பு விசை எல்லாவற்றையும் அமுக்கிவிடுவதில் வியப்பில்லை. பெல்ஜிய இயற்பியலாளர் ஜோசப் பிளாட்டோ தம் எண்ணெய்த் துளிகளை மிதக்கவிட்டதைப் போல, கீழடுக்கை நீர்-ஆல்கஹால் கலவையாக மாற்றி அடர்த்திகளை நெருங்கச் செய்ய வேண்டும். ஆல்கஹாலும் இழுவிசையைக் குறைக்கும் என்பதால், சோப்பில்லாத ஓட்டத்தை முதலில் தனியாகப் படம்பிடித்து வைத்துக்கொள்ளப் போகிறேன்.