முடிவு எந்த முகவரிக்கு வரும்?

சிகாகோ வந்த புதிதில் எனக்கு வேலை செய்ய விசா அனுமதி இல்லை. வீட்டுக்குள்ளேயே அடைந்து கிடக்க முடியாமல், வீடற்ற பெண்கள் இரவில் தங்கும் ஒரு ஷெல்டருக்குச் சனிக்கிழமைதோறும் சூப் ஊற்றப் போனேன். வருபவர்களில் பெரும்பாலோர் கறுப்பினப் பெண்கள். அவர்களுக்கு நான் 'ஹனி'.

ஒரு நாள் மேமோகிராம், அதாவது மார்பகப் புற்றுநோய் இருக்கிறதா என்று பார்க்கும் எக்ஸ்ரே படம், எடுக்கும் வேன் வாசலுக்கே வந்தது. காசு வேண்டாம், இன்சூரன்ஸ் இல்லாத ஏழைப் பெண்களுக்காக 1990-ல் வந்த சட்டம் இப்படிப்பட்ட பரிசோதனைக்கு வழி செய்திருக்கிறது. அப்புறம் என்ன தயக்கம் என்றுதான் முதலில் நினைத்தேன். அன்று டியோடரன்ட் போட்டிருக்கக் கூடாது, படத்தில் புள்ளியாக விழும் என்றார் நர்ஸ். குளிக்க இடம் தேடி அலைகிற பெண்ணுக்கு அதுதானே மானம் காப்பது! முகத்தைத் திருப்பிக்கொண்டு போனவர்களை என்னால் குறை சொல்ல முடியவில்லை. அலபாமா மாநிலத்தின் டஸ்கீகியில் 1932 முதல் 1972 வரை, சிபிலிஸ் என்ற பால்வினை நோய் இருந்த கறுப்பின ஆண்களுக்கு மருந்து இருந்தும் கொடுக்காமல் அரசே பார்த்துக்கொண்டிருந்ததை இங்குள்ள வயதானவர்கள் மறக்கவில்லை.

அறுபதை நெருங்கும் ஓர் அம்மா வரிசையில் நின்றார். இரண்டு பைகளை விட்டு நகரமாட்டார். "நான் பார்த்துக்கறேன்மா" என்றேன். படிவத்தைப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "ஏதாவது இருந்தா கடிதம் எங்கே வரும், ஹனி?"

அந்தக் கேள்விதான் என்னைத் தூங்கவிடவில்லை. அமெரிக்காவில் கறுப்பினப் பெண்களுக்கு மார்பகப் புற்றுநோய் வெள்ளையினப் பெண்களைவிடச் சற்றுக் குறைவாகவே வருகிறது. ஆனால் அதில் இறப்பது ஏறக்குறைய 40 சதவீதம் அதிகம். வேகமாகப் பரவும் 'டிரிப்பிள் நெகட்டிவ்' வகை அவர்களுக்கு இரண்டு மடங்கு வருவது ஒரு காரணம். கண்டுபிடித்த பிறகு சிகிச்சை தள்ளிப்போவது இன்னொன்று. 40 வயதிலிருந்து இரண்டு வருடத்துக்கு ஒருமுறை எடுக்கச் சொல்கிறார்கள், சரி. எடுத்த படத்தின் முடிவு வந்து சேர ஒரு கதவு வேண்டாமா?

அவர் சம்மதத்தோடு ஷெல்டர் முகவரியையும் என் போன் நம்பரையும் எழுதினோம். மூன்றாம் வாரம் அழைப்பு வந்தது: மறுபடி ஒரு படம் எடுக்கவேண்டும். அவரோ நாலு நாளாக ஷெல்டருக்கு வரவில்லை. பகலில் அவர் உட்காரும் நூலகத்தில் போய்க் கண்டுபிடித்தேன். இருவரும் பஸ் ஏறினோம். அவர் உள்ளே போனார். நான் வெளியே, மடியில் ஒரு பை, காலடியில் ஒரு பையோடு உட்கார்ந்திருந்தேன்.