மந்திரவாதிகளுக்கு வந்த நடுக்கு நோய்

எங்கள் வகுப்புக் கையெழுத்துப் பத்திரிகையில் தொடராக வந்த மந்திரவாதிகள் கதை உங்களில் சிலருக்காவது நினைவிருக்கும். அந்த உலகத்தில் காற்றில் விரலால் குறி வரைந்தால்தான் மந்திரம் பலிக்கும். நாங்கள் கற்பனை செய்த நோய் அந்த விரல்களைத்தான் பிடித்தது. முதலில் மெல்லிய நடுக்கம். குறி கோணலாகும், விளக்கை ஏற்றப் போன மந்திரம் கூரையை எரித்துவிடும். பிறகு காரணமில்லாத கோபம், ஆட்களைக் கண்டால் கூச்சம், மறதி. 'நடுக்கு நோய்' என்று பெயர் வைத்தோம்.

நோய் எதனால் வந்தது என்பதில் எங்களுக்குள் பெரிய சண்டை. ஆணவம் பிடித்த மந்திரவாதிகளுக்குத் தெய்வம் கொடுத்த சாபம் என்று பாதிப்பேர் நின்றார்கள். சரி, இரசாயனவியல் சேரிடமே கேட்போம் என்று கொப்பியைக் கொடுத்தோம். வாசித்துவிட்டு, "நோயைத் தண்டனை என்று எழுதினால் நோயாளியைக் குற்றவாளி ஆக்கிவிடுவீர்கள், பிள்ளைகள்" என்றார்.

அப்புறம் பாதரசத்தைப் பற்றிச் சொன்னார். அறை வெப்பத்திலேயே அது ஆவியாகும். அந்த ஆவிக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. மூச்சோடு உள்ளே போய் மூளையைத் தாக்கும். தொப்பி செய்தவர்கள் விலங்கு மயிரைப் பாதரச நைத்திரேற்றில் பதப்படுத்தினார்கள். பொன்முலாம் பூசியவர்கள் பாதரசத்தில் கரைத்த பொன்னைத் தடவிச் சூடாக்கினார்கள். இவர்களுக்கு வந்ததும் இதே நடுக்கம், கூச்சம், மறதிதான். அமெரிக்காவில் தொப்பித் தொழிலில் பாதரசம் தடைசெய்யப்பட்டது 1941இல்தான். ரமாசினி என்ற இத்தாலிய வைத்தியர் 1700ஆம் ஆண்டிலேயே, நோயாளியிடம் 'என்ன வேலை செய்கிறாய்?' என்று கட்டாயம் கேளுங்கள் என்று மற்ற வைத்தியர்களுக்கு எழுதியிருந்தார்.

அந்த ஒரு கேள்வி எங்கள் கதையையே மாற்றியது. மந்திரக் குறி ஒளிர்வதற்கு ஒரு வெள்ளித்தூள் வேண்டும் என்று வைத்தோம். தூளை அரைப்பவர்களும் உலை மூட்டுபவர்களும் பட்டறையைக் கூட்டுபவர்களும் சிறுவர்கள். பெரிய மந்திரவாதிகளுக்கு நடுக்கம் வருவதற்குப் பல வருடங்களுக்கு முன்பே அந்தச் சிறுவர்கள் நடுங்கத் தொடங்கியிருந்தார்கள், யாரும் கவனிக்கவில்லை. வைத்தியப் பெண் ஒருத்தி வந்து, அரண்மனையில் கேட்ட அதே கேள்வியைப் பட்டறையிலும் கேட்கிறாள். அந்த அத்தியாயம் அளவுக்கு வேறு எதையும் நாங்கள் உழைத்து எழுதவில்லை. இன்றும் எனக்கு அதில் பெருமைதான்.

முடிவில் மந்திர மூலிகை எதுவும் வரவில்லை. சன்னல்களைத் திறந்தார்கள், தூளை நிறுத்தினார்கள், புதிதாக யாருக்கும் நோய் வரவில்லை. முதிய மந்திரவாதியின் விரல்கள் மட்டும் கடைசிவரை நேராகவில்லை. அவரையாவது குணப்படுத்தியிருக்கலாம் என்று நம் நண்பர்கள் இன்றும் தொலைபேசியில் வாதாடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. நரம்பு கெட்ட பிறகு விஷத்தை நிறுத்தினாலும் எல்லாம் திரும்பி வராது என்று சேர் தெளிவாகச் சொல்லியிருந்தார்; அதைத் தெரிந்துகொண்டே வேறு விதமாக எழுத எங்களால் முடியவில்லை.