குளிர் என்று நினைத்தேன்

மூன்று வாரக் கோழிக்குஞ்சு ஒன்று பல்புக்கு நேர் கீழே போய்க் கண்ணை மூடி நின்றது. மற்ற இருபத்தொன்றும் இரையைக் கிண்டி இறைத்துக்கொண்டிருக்க, அது மட்டும் கழுத்தை உள்ளுக்கு இழுத்து, இறகை உப்பிக்கொண்டு பஞ்சு உருண்டை மாதிரி இருந்தது. பாவம், குளிருகிறது போல என்று பல்பைக் கொஞ்சம் கீழே இறக்கிவிட்டு என் வேலையைப் பார்க்கப் போய்விட்டேன்.

மறுநாள் காலை மரத்தூளில் ரத்தம். அந்தக் குஞ்சு செத்துக் கிடந்தது. இன்னும் மூன்று அதே மாதிரி குறுகி நின்றன.

இதில் எனக்கு எரிச்சல் என்னவென்றால், கொஞ்சம் யோசித்திருந்தால் அது குளிர் இல்லை என்று அன்றைக்கே தெரிந்திருக்கும். குளிர் என்றால் எல்லாக் குஞ்சுக்கும்தான் குளிரும். எல்லாம் பல்புக்கு அடியில் ஒன்றன்மேல் ஒன்று ஏறி, காது கிழியக் கத்தும். சூடு அதிகமென்றால் எல்லாம் ஓரத்துக்கு ஓடி வாயைப் பிளந்து மூச்சு வாங்கும். கூட்டம் நன்றாக இருக்கும்போது ஒன்று மட்டும் தனியாக, சத்தமில்லாமல் நின்றால், கோளாறு அந்தக் குஞ்சுக்குள் இருக்கிறது. முதல் வாரம் 35 டிகிரி, அப்புறம் வாரத்துக்கு மூன்று டிகிரி குறைக்க வேண்டும் என்ற கணக்கெல்லாம் மனப்பாடம். பக்கத்தில் நிற்கும் குஞ்சைப் பார்க்கத்தான் தெரியவில்லை.

வந்தது ரத்தக் கழிச்சல். ஐமீரியா என்ற ஒட்டுண்ணி குடல் சுவரைக் குடைவதால் வருவது. மூன்றிலிருந்து ஆறு வாரக் குஞ்சுகளைத்தான் அதிகம் பிடிக்கும். எல்லா நேரமும் ரத்தம் தெரிய வேண்டும் என்றும் இல்லை. தண்ணீராகக் கழியும், எடை ஏறாது, இறக்கை தொங்கும், அவ்வளவுதான் தெரியும். இன்னொரு பக்கம், ரத்தம் மாதிரித் தெரிவதெல்லாம் ரத்தமும் இல்லை. எப்போதாவது ஒரு எச்சத்தில் ஆரஞ்சு நிறத்தில் ஒரு துணுக்கு கிடந்து, குஞ்சு ஓடியாடிக்கொண்டிருந்தால், அது குடல் உதிர்த்த சவ்வாக இருக்கலாம். சாக்லேட் நிறத்தில் பிசுபிசுவென்று நாற்றமடிக்கும் எச்சமும் வழக்கமாக வருவதுதான். குடலின் கடைசியில் உள்ள இரண்டு முட்டுப் பைகளிலிருந்து நாளைக்குச் சில தடவை இறங்கும். பிற்பாடு இதையெல்லாம் பார்த்து நான் பயந்த பயம் தனிக்கதை.

ஆம்ப்ரோலியம் பொடி வாங்கி வந்து, பொட்டலத்தில் போட்ட அளவுப்படி தண்ணீரில் கலக்கி வைத்தேன். நோயுற்ற குஞ்சு இரையை விட்டாலும் பெரும்பாலும் தண்ணீரை விடாது. மருந்தைத் தண்ணீரில் கொடுப்பதே அதனால்தான். இரண்டு நாளாகியும் தெளியவில்லை. இன்னொன்று போனது. கால்நடை மருத்துவரைக் கூப்பிட்டேன். அவர் கேட்ட முதல் கேள்வி: “தண்ணீரில் வேறு என்ன கலக்கிறீர்கள்?”

“வைட்டமின் சார், தெம்புக்கு” என்றேன், கொஞ்சம் பெருமையாகவே.

“அதை முதலில் கொட்டுங்கள்.”

விஷயம் இதுதான். அந்த ஒட்டுண்ணி பெருக பி1 வைட்டமின் வேண்டும். ஆம்ப்ரோலியம் பார்க்க பி1 மாதிரியே இருக்கும் போலி. ஒட்டுண்ணி ஏமாந்து அதை எடுத்துக்கொண்டு பட்டினி கிடக்கும். நானோ மருந்தோடு அசல் பி1-ஐயும் ஊற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். வைட்டமினை நிறுத்தி ஐந்து நாள் முழு அளவு, பிறகு குறைந்த அளவில் ஒரு வாரம் என்று அவர் சொன்னபடி கொடுத்தேன். எல்லாம் முடிந்த பிறகுதான் வைட்டமின். மொத்தத்தில் நான்கு போயின, பதினெட்டு தேறின.

நோய் வந்த வழி தண்ணீர்க் கிண்ணம். தரையோடு வைத்திருந்தேன். குஞ்சுகள் சிந்திச் சிந்திச் சுற்றிலும் மரத்தூள் சொதசொதவென்று ஆகியிருந்தது. எச்சத்தோடு வெளியே வரும் ஒட்டுண்ணி முட்டை ஈரமும் வெதுவெதுப்பும் கிடைத்தால் ஓரிரு நாளிலேயே தொற்றத் தயாராகிவிடும். வழக்கமான கிருமிநாசினிக்கு அது அசைவதில்லை. ஈரக் கூளத்தை அள்ளி வெளியே போட்டு உலர வைப்பதுதான் வழி. இப்போது கிண்ணம் இரண்டு செங்கல் மேல், குஞ்சின் முதுகு உயரத்தில் இருக்கிறது. குஞ்சு வளர வளர செங்கலும் ஏறும்.

முதல் வாரத் தொல்லைகள் வேறு. பயணத்தில் அலைந்து வந்த குஞ்சுக்கு எச்சம் பின்புறத்தில் ஒட்டிக் காய்ந்து அடைத்துக்கொள்ளும். அப்படியே விட்டால் கழிய முடியாமல் செத்துப்போகும். வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்த பஞ்சை வைத்து ஊறவிட்டு, மெதுவாகத் துடைத்து, ஈரம் போக உலர்த்தி, ஒரு துளி எண்ணெய் தடவினால் போதும். பிய்த்தால் தோலும் சேர்ந்து வரும். அடிவயிற்றில் இன்னும் கீழே தெரியும் சின்னப் பொருக்கு தொப்புள். அதையும் அழுக்கு என்று நோண்டி எடுப்பவர்கள் உண்டு (நானும் ஒரு தடவை கை வைத்துவிட்டேன்). வயிறு உப்பி, தொப்புள் ஈரமாகி நாற்றமடித்தால் அது வேறு, தொப்புள் சீழ். அதில் பிழைப்பது அபூர்வம்.

கால் இரண்டும் பக்கவாட்டில் அகன்று போனால் செய்தித்தாள் விரித்தீர்களா என்று கேட்பேன். வழுக்கும் தரையில் வருவது அது. முதல் சில நாளுக்குள் இரண்டு காலையும் மெல்லிய ஒட்டுப்பட்டையால் இயல்பான இடைவெளியில் கட்டிவிட்டு, சொரசொரப்பான துணியில் விட்டால் பெரும்பாலும் நிமிர்ந்துவிடும். வாயைத் திறந்து திறந்து மூச்சு வாங்கினால் கூளத்தில் பூஞ்சை பிடித்திருக்கிறதா என்று முகர்ந்து பார்க்கிறேன். கழுத்து திருகுவது, கூண்டோடு சாவது, இதற்கெல்லாம் நான் வைத்தியம் பார்ப்பதில்லை, நேரே மருத்துவரிடம்தான். வைரஸ் என்றால் எந்த ஆன்டிபயாடிக்கும் கேட்காது, தடுப்பு மருந்தை முன்பே கொடுத்திருக்க வேண்டும்.

சோர்ந்த குஞ்சுக்கு வாயைப் பிளந்து தண்ணீர் ஊற்றாதீர்கள். நாக்குக்குப் பின்னால்தான் மூச்சுத் துளை. அலகின் ஓரத்தில் ஒரு சொட்டு வைத்தால் தானே உறிஞ்சும்.

இப்போது ஒன்பது நாள் குஞ்சுகள் பன்னிரண்டு இருக்கின்றன. இன்று காலை ஒன்று இரைத் தட்டுக்குள்ளேயே கண்ணை மூடிக் கவிழ்ந்து கிடந்தது. நெஞ்சு பதறி அள்ளி எடுத்தேன். கழுத்தடியில் இரைப்பை உருண்டையாக நிறைந்திருந்தது, பின்புறம் சுத்தம், நெஞ்செலும்பு கத்தி மாதிரி குத்தவில்லை. கண்ணைத் திறந்து பார்த்து, தூக்கத்தைக் கெடுத்தவளைத் திட்டுவது போல ஒரு கத்துக் கத்தியது. தட்டிலேயே திரும்ப விட்டேன். மறுபடியும் கவிழ்ந்து தூங்கிவிட்டது.