அரிசித் தையல்: 2020இல் விட்ட பை முடிந்தது

காலபோக அறுவடை முடிந்து, நெல் மூட்டைகளுக்கு இடம் பார்க்க அறையை ஒதுக்கியபோதுதான் அந்த பிஸ்கட் டின் கையில் பட்டது. உள்ளே கருநீலத் துணியில் ஐந்து சதுரங்கள். இரண்டு தைத்து முடிந்தவை, ஒன்று அரைகுறை, மற்ற இரண்டும் வெறுந்துணி. அரைகுறையில் ஊசி குத்தியபடியே இருந்தது. 2020 ஊரடங்கில் தொடங்கியது. பள்ளிக்கூடம் திறந்ததும் டின்னுக்குள் போனது, அப்புறம் நான் அதைத் திறக்கவே இல்லை.

செய்ய நினைத்தது கொமெபுக்குரோ, அதாவது அரிசிப் பை. ஜப்பானில் கோயிலுக்கு அரிசி கொண்டுபோகத் துண்டுத் துணிகளை இணைத்துத் தைக்கும் பை அது. நாலு பக்கம், ஒரு அடி, வாயைச் சுற்றிச் சிறு காதுகள், காதுகளுக்குள் ஓடும் கயிறு. அதன் பக்கங்களில் சஷிகோ, அதாவது துணியில் ஓட்டுத்தையலால் கோலம் போடும் ஜப்பானியத் தையல், போட வேண்டும் என்று எனக்கு ஆசை. அதிலும் கொமெசாஷி, அரிசித் தையல். முதலில் வரிசைகளைக் குறுக்கே முடிக்க வேண்டும், பிறகு நெடுக்கே. கூட்டல் குறிகள் வரும். கடைசியில் இரண்டு திசையிலும் சரிவாக ஓடினால் ஒவ்வொரு குறியையும் சுற்றி நாலு மூலையில் நாலு கோடு விழும். ஜப்பானிய எழுத்தில் அரிசி அந்த வடிவம்தான். வயலோடு சீவிக்கிற எங்கள் வீட்டுக்கு இதைவிடப் பொருத்தமான கோலம் எனக்குத் தெரியவில்லை.

முதல் வேலை ஊசி. துருப்பிடித்து நூலோடு ஒட்டிப்போயிருந்தது. மெல்லத் திருகி இழுத்தபோது துணியில் மிளகளவு பழுப்புக் கறை. தேசிக்காய்ப் புளியும் உப்பும் பூசி முற்றத்து வெயிலில் இரண்டு நாள் வைத்தேன். கறை போனது, அந்த இடத்து நீலமும் கொஞ்சம் வெளிறியது. பரவாயில்லை, அந்தப் பக்கத்தைப் பின்பக்கமாக வைத்துக்கொண்டேன்.

சவர்க்காரத் துண்டால் போட்ட கோடுகளும் அழிந்திருந்தன. பழைய தையலை வைத்து அளந்து, 7 மில்லிமீற்றர் இடைவெளியில் திரும்பவும் கட்டம் போட்டேன். ஒரு சதுரம் 16 சென்ரிமீற்றர். மூட்டுக்கு விட்டது போகக் குறுக்கே 20 வரிசை, நெடுக்கே 20 வரிசை. சரிவு வரிசைகள் அதற்கு மேல்.

அன்று நான் ஏன் நிறுத்தினேன் என்பது மூன்றாவது சதுரத்தை மேசையில் விரித்தபோது விளங்கியது. துணி அப்பளம் போல நெளிந்திருந்தது. ஒவ்வொரு தையலையும் இறுக்கி இழுத்திருக்கிறேன். சஷிகோவில் ஊசியை அசைக்காமல் பிடித்துக்கொண்டு துணியைத்தான் அதில் கொசுவிக் கோக்க வேண்டும். நாலைந்து தையல் சேர்ந்ததும் நூலை இழுத்து, வரிசை முடிந்தவுடன் பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையில் வைத்துத் தொடக்கத்திலிருந்து நீவிவிட வேண்டும். அப்போது சுருக்கம் கலைந்து துணி நூலின் நீளத்துக்கு விரியும். அடுத்த வரிசைக்குத் திரும்பும் இடத்தில் பின்பக்கம் சிறு வளையமாக நூலைத் தளர்வாக விட வேண்டும். இந்த இரண்டும் தெரியாமல்தான் அன்று தைத்திருக்கிறேன். அந்தச் சதுரத்தை முழுக்கப் பிரித்தேன். ஒரு பின்னேரம் முழுக்கப் போனது.

நூலையும் மாற்றினேன். எம்பிராய்டரி நூலின் இழைகள் பிரிந்து பிரிந்து நின்றன. முறுக்கேறிய வெள்ளைக் குரோசே நூல் சஷிகோ நூலுக்குக் கிட்ட வருகிறது. பளபளப்பில்லை, தையல் உண்மையிலேயே அரிசிமணி போல நிற்கிறது.

அம்மா பக்கத்தில் சாக்கு ஊசியும் சணல் நூலுமாக இருந்து, எலி கடித்த மூட்டையைப் பொத்திக்கொண்டிருந்தா. "இதென்ன பிள்ளை, வெறும் ஓட்டுத்தையல்தானே?" என்றா. அதேதான் அம்மா என்றேன். ஜப்பானின் வடக்கே தோஹோக்குப் பக்கம் குளிர் கூட, பருத்தி விளையாது. வெளியிலிருந்து வரும் பழந்துணியை அடுக்கி, கிழிய விடாமல் ஓட்டுத்தையலால் இறுக்கித்தான் அந்த ஊர்ச் சனம் உடுத்தது. நான் சொல்லி முடியத் தன் கையிலிருந்த சாக்கைப் பார்த்தா. "சண்டை நேரம் சாமான் வரத் தடை இருந்த காலத்தில் உன்ரை சட்டையளையும் நான் இப்படித்தான் வைச்சிருந்தனான்." அதற்குப் பிறகு நெடுநேரம் இரண்டு பேரும் பேசாமல் தைத்தோம்.

உள்துணிக்கு அப்பாவின் பழைய கட்டச் சாரத்தை வெட்டினேன். துவைத்துத் துவைத்துப் பஞ்சு போல ஆன சாரம். வாயோரம் பக்கத்துக்கு மூன்றாகப் பன்னிரண்டு காதுகள். எதிரெதிர்ப் பக்கத்திலிருந்து இழுக்க இரண்டு கயிறு. மூலை மூட்டுகள்தான் கையைக் கடித்தன, நாலு அடுக்குத் துணி ஒரே இடத்தில் சேர்கிறது. அடியின் ஒரு மூலை இன்னும் லேசாகக் கோணல்தான்.

நேற்று ஒரு கிலோ பச்சையரிசி கொட்டிப் பார்த்தேன். பாதிக்குக் கொஞ்சம் கீழே நின்றது, கயிற்றை இழுத்ததும் வாய் இறுக மூடியது. அம்மா பையைத் தூக்கிப் பாரம் பார்த்துவிட்டு, வைகாசியில் வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்கு அரிசி இதிலேதான் போகும் என்று சொல்லி, சாமித் தட்டுக்குப் பக்கத்தில் ஆணியில் மாட்டிவிட்டா.