முதிய விண்மீனுக்குள் ஓர் உலை

வயதான விண்மீன் என்றால் அணையப்போகும் விளக்கு என்றுதான் நினைத்திருந்தேன். உண்மையில் அதன் வயிற்றுக்குள் அப்போதுதான் ஒரு பொறுமையான வேலை நடக்கிறது. ஓர் இரும்பு அணுக்கரு நியூட்ரான் ஒன்றை விழுங்கும். அப்புறம் இன்னொன்று. நிலைகொள்ளாமல் போனால் உள்ளே ஒரு நியூட்ரான் புரோட்டானாக மாறும். தனிமம் ஒரு படி ஏறிவிடும். இப்படியே ஸ்ட்ரான்சியம், பேரியம், ஈயம் வரை. ஒன்றை விழுங்கி அடுத்ததை விழுங்க ஆண்டுக்கணக்கில்கூட ஆகலாம்!

சரி, இதற்கு என்ன சாட்சி? 1952இல் வானியலாளர் பால் மெரில், முதிர்ந்த செவ்விண்மீன்கள் சிலவற்றின் ஒளியில் டெக்னீசியம் என்ற கதிரியக்கத் தனிமத்தின் நிறமாலைக் கோடுகளைக் கண்டார். அங்கே உருவாகும் டெக்னீசியம்-99இன் அரை ஆயுள், அதாவது பாதி சிதைந்துபோக ஆகும் காலம், சுமார் 2 லட்சம் ஆண்டுகள்தான். அத்தனை வயதான விண்மீனில் அது இன்னும் இருக்கிறதென்றால், அண்மையில் அங்கேயே சமைந்தது என்றுதானே அர்த்தம்? அந்த மெல்லிய கோடுகளை நினைத்தாலே எனக்குப் புல்லரிக்கிறது.