அதான்

3 மார்ச்
அப்பாவுக்கு ஸ்ட்ரோக் வந்து நாலாவது நாள். டாக்டர் ஸ்கேன் படத்தைக் காட்டினார். கறுத்த திட்டு வலப்பக்கம் தெரிந்தது. "இடப்பக்கம்னு சொன்னீங்களே?" என்றான் அண்ணன். அப்பா நமக்கு எதிரே இருப்பதுபோல் படத்தைப் பார்க்க வேண்டுமாம். மூளையிலிருந்து இறங்கும் இயக்க நரம்பிழைகளில் பெரும்பாலானவை மூளையின் அடியிலுள்ள முகுளத்தில் பக்கம் மாறிவிடுகின்றன. அடி இடப்பக்கம், விழுந்தது வலக்கையும் வலக்காலும்.

6 மார்ச்
அப்பா வாயில் ஒரே சொல்தான்: "அதான்." தண்ணீருக்கும் அதான், வலிக்கும் அதான். ஆனால் நாம் சொல்வது புரிகிறது. டிவியை அணைக்கவா என்றால் முறைக்கிறார்.

ராத்திரி படித்தேன். 1861இல் பாரிஸில் பால் புரோக்கா என்ற டாக்டர் பார்த்த நோயாளிக்கும் ஒரே சொல்தான் வந்ததாம்: "தான்". இறந்தபின் மூளையைப் பார்த்தால், இடப்பக்க முன்மடலில் சேதம். அம்மாவிடம் சொன்னேன். "அவனும் தமிழனாடி?" என்றாள்.

11 மார்ச்
சித்தப்பாவின் வாட்சப்: இடமூளை கணக்குக்கு, வலமூளை கலைக்கு, அப்பாவுக்கு இனி கணக்கு வராது. எரிச்சலாக இருந்தது. பேச்சு பெரும்பாலோருக்கு இடப்பாதியில்தான், சரி. அதற்காக மனுசனை நடுவில் கோடு போட்டுப் பிரிக்க முடியுமா? இரண்டு பாதிக்கும் நடுவே சுமார் 20 கோடி இழைகள் கொண்ட பாலம் இருக்கிறது. வலிப்புக்காக அதை வெட்டிக்கொண்டவர்களை ஆராய்ந்துதான் ரோஜர் ஸ்பெர்ரி 1981இல் நோபல் வாங்கினார். எல்லாம் தட்டி அனுப்பினேன். கட்டைவிரல் படம் மட்டும் வந்தது.

15 மார்ச்
பேச்சுப் பயிற்சி. தமிழில் "ஒன்னு" வரவில்லை. பயிற்சி தருபவர் மலாய்க்காரப் பெண். "பாக்சிக் (மாமா), சத்து, டுவா..." என்று மலாயில் ஒன்னு, ரெண்டு எடுத்துக் கொடுத்தார். அப்பா "தீகா, அம்பாட், லீமா" என்று செபுலோ, அதாவது பத்து வரைக்கும் ஒரே மூச்சில் போனார்! பினாங்கின் பட்டர்வொர்த் துறைமுகத்தில் முப்பது வருசம் மூட்டை எண்ணினவர். உடனே மூன்று விரலை நீட்டி எத்தனை என்று கேட்டார் அந்தப் பெண். "அதான்."

பழகின வரிசை தானாக ஓடுமாம். வேண்டும்போது ஒரு சொல்லைத் தேடி எடுப்பதுதான் பாடு.

19 மார்ச்
சாயங்காலம் சாமி விளக்கேற்றிவிட்டு அம்மா சும்மா இருக்காமல் "வெற்றிவேல்!" என்று இழுத்தாள், தண்ணீர்மலை முருகன் கோவில் படியில் கத்துவாளே, அதே ராகத்தில். நாற்காலியிலிருந்து "வீரவேல்!" கணீரென்று வந்தது. அம்மா கையில் தீப்பெட்டி அப்படியே நின்றது. அப்பா இடக்கையால் தன் உதட்டைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

ராகம் மூளையின் வலப்பாதியையும் இழுத்துக்கொள்ளும் என்ற எண்ணத்தில், பேச்சு போனவர்களுக்குச் சொல்லைப் பாட்டாக்கிப் பழக்கும் பயிற்சியே உண்டு. நாளைக்கு அதைக் கேட்க வேண்டும்.

"மிலோ போடவாப்பா?"

"அதான்."