கல்லைப் புரட்டியபோது

ஈஸ்டர் விடியற்காலையில் பாப்பா கல்லைப் புரட்டினாள். உள்ளே ஒரு வெந்தய முளை!

ஒரு வாரம் முன்பு, குருத்தோலை ஞாயிறன்று, அகன்ற மண்சட்டியில் மண் பரப்பி வெந்தயம் தூவினோம். சின்னக் கலயத்தைப் படுக்க வைத்ததுதான் இயேசுவின் கல்லறை. ஈர்க்குச்சியில் மூன்று சிலுவைகள். பெரிய வெள்ளி மாலை அவளே ஒரு கூழாங்கல்லால் வாயை அடைத்தாள்.

வெளியே எல்லாம் பச்சை. இது மட்டும் வெளிர்மஞ்சள். இடுக்கு வழியே வந்த வெளிச்சத்தின் பக்கம் வளைந்திருந்தது.

அங்கே நாங்கள் விதைக்கவே இல்லை.

சிலுவையில் அறைந்த இடத்தில் ஒரு தோட்டம் இருந்தது, கல்லறை அதற்குள்தான் என்கிறது யோவான் 19:41. உயிர்த்தெழுந்த இயேசுவை மகதலேனா மரியாள் தோட்டக்காரர் என்று நினைத்ததை, அவளுடைய தவறு என்றே இத்தனை வருடமும் வாசித்து வந்தேன். இன்று அப்படித் தோன்றவில்லை.

சரி, ஆராதனைக்கு நேரமாகிவிட்டது. பாப்பா இன்னும் அதற்குச் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விட்டுக்கொண்டிருக்கிறாள்.